செஞ்சிக் கோட்டையும் வீட்டுக் கூரையும்

சூரியத் தகட்டுக்கு அனுமதி கேட்பவனுக்குச் சட்டம் சொல்லும் பதில் என்ன?

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் குழு, மராத்தியரின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பொதுச் சொத்தாக அங்கீகரித்தது. அவற்றில் பதினொன்று மஹாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. பன்னிரண்டாவது, விழுப்புரம் ஜில்லாவில் உள்ள நமது செஞ்சிக் கோட்டை. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த இந்தக் கௌரவத்தில் மகிழாத தமிழன் இருக்க மாட்டான். ஆயினும், கோட்டைக்குக் கிடைத்த கௌரவம் கோட்டை நிழலில் குடியிருப்பவனுக்குச் சங்கடமாக முடிந்துவிடக் கூடாது. அப்படி முடியக் கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. பார்வைக்கு அது சிறியது, ஆராய்ந்தால் பெரியது. தன் சொந்த வீட்டு மொட்டைமாடியில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளை வைத்துக்கொள்ள ஒரு செஞ்சிவாசி யாரிடம் உத்தரவு பெற வேண்டும் என்பதே அந்த விஷயம்.

தேசத்தின் மற்ற பாகங்களில் இந்தக் கேள்விக்கு விடை சுலபம். மத்திய சர்க்கார் 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 'பிரதம மந்திரி சூரிய வீடு' திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் மின்தகடு ஏற்றுவது உத்தேசம். அதற்காக மந்திரிசபை ஒதுக்கிய தொகை ரூ. 75,021 கோடி. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ. 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ. 18,000, ஆகமொத்தம் ரூ. 78,000 வரை மானியம் உண்டு. மானியம் பெறும் தகடும் அதிலுள்ள மின்கலமும் நம் நாட்டிலேயே செய்தவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுதேசிப் பொருளுக்கு ஆதரவளிக்கும் இந்த நிபந்தனையை நாம் மனமார வரவேற்கிறோம். அதே வருஷம் பிப்ரவரியில் மின்சார நுகர்வோர் உரிமை விதிகளும் திருத்தப்பட்டன. 10 கிலோவாட் வரை உள்ள வீட்டுத் தகடுகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியம் பற்றிய ஆராய்ச்சி வேண்டியதில்லை; மனு ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். தகடு பொருத்தி முடிந்தபின் பதினைந்து நாட்களுக்குள் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்றும் விதி செய்யப்பட்டது. திட்டம் 2026-27 நிதியாண்டு வரையில் நடைபெறுவதாக வகுக்கப்பட்டது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். மானியம் என்பது என்றைக்கும் திறந்திருக்கும் கதவல்ல. அது மூடுமுன் உள்ளே போகாதவன், முழு விலை கொடுத்தே வாங்க வேண்டியிருக்கும்.

ஆக, டில்லி சர்க்காரின் ஒரு கை கூரைக்குத் தகட்டை நீட்டுகிறது. அதே சர்க்காரின் மற்றொரு கை கோட்டையை ஒட்டிய வீட்டுக்காரனை நிறுத்தி வைக்கிறது. அந்த மற்றொரு கை எது என்று பார்ப்போம்.

சட்டம் வகுத்த தூரம்

நம் நாட்டுப் புராதனச் சின்னங்களைக் காக்க முதலில் பிறந்த அகில இந்தியச் சட்டம் 1904-ம் வருஷத்தியது. கர்ஸன் பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்த காலத்தில் வந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1958-ல் நமது பார்லிமெண்டே புராதன நினைவுச்சின்னங்கள் சட்டத்தை இயற்றிற்று. 1992-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி வெளியான அறிவிப்பின்படி, காக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைப் பிரதேசம். அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பிரதேசம். 2010-ம் வருஷத்துத் திருத்தம் இந்தத் தூரங்களைச் சட்டத்துக்குள்ளேயே பதித்துவிட்டது. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் என்ற ஸ்தாபனத்தையும் உண்டாக்கிற்று.

தடைப் பிரதேசத்தில் புதுக் கட்டடம் கூடவே கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன் இருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் இடமுண்டு. அதற்கும் மனுச் செய்து அனுமதி பெற வேண்டும். கட்டுப்பாட்டுப் பிரதேசத்திலோ கட்டலாம், இடித்துக் கட்டலாம், பழுதுபார்க்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்கூட்டி அனுமதி வேண்டும். மீறியவனுக்கு இரண்டு வருஷம் வரை சிறைவாசம், அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தூரத்தை மலையுச்சியிலிருந்தோ கல்யாண மஹாலிலிருந்தோ அளப்பதில்லை. காக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள். டில்லியிலிருந்து ஆக்ரா போகும் பாதையில் மொகலாயர் நட்ட மைல் தூண் ஒன்றைச் சுற்றி முன்னூறு மீட்டர் அளந்தால் அது ஒரு வட்டம், அவ்வளவோடு முடிந்தது. செஞ்சியோ ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் அவற்றை இணைக்கும் நெடுமதிலையும் கொண்டது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பெருஞ்சாலையே கோட்டைப் பிரதேசத்துக்குள் புகுந்துதான் போகிறது. இவ்வளவு நீண்ட எல்லையைச் சுற்றி முன்னூறு மீட்டர் அகலத்தில் பட்டை இழுத்தால், அதற்குள் எத்தனை வயல், எத்தனை தெரு, எத்தனை கூரை அடங்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். தூணுக்கும் துர்க்கத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா என்ற சந்தேகம் நமக்கு மட்டும் உதித்ததல்ல. பார்லிமெண்டின் நிலைக்குழு ஒன்றும் 2023-ம் வருஷத்து அறிக்கையில் இந்த 100, 200 மீட்டர் விதியை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது.

மூன்று வியாக்கியானங்கள்

இனி, தகட்டின் கேள்விக்கு வருவோம். சட்டத்தில் சூரியத் தகடு என்ற சொல்லே கிடையாது. ஆகவே அதை எந்தப் பெயரின் கீழ் அடக்குவது என்பதில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதல் வியாக்கியானம்: தகடு ஒரு 'கட்டுமானம்'. சட்டம் கட்டுமானத்துக்கு வகுத்த இலக்கணத்தில், இருக்கும் கட்டடத்துக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ சேர்க்கும் எதுவும் அடங்கும். இரும்புச் சட்டம் நட்டு அதன்மேல் தகடு ஏற்றினால், அது மேல்நோக்கிச் சேர்த்தது என்று ஓர் உத்தியோகஸ்தர் சொல்லலாம். அவர் சொல்வது சரியானால், முதல் 100 மீட்டருக்குள் உள்ள வீட்டில் தகடு வைக்கவே முடியாது; மனுச் செய்தும் பயனில்லை.

இரண்டாவது வியாக்கியானம்: தகடு 'பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும்' என்ற வகையைச் சேர்ந்தது. இருக்கும் கட்டடத்தில் செய்யும் மாறுதலே பழுதுபார்ப்பு என்று சட்டம் கூறுகிறது. இதன்படி அனுமதி கிடைக்கும், ஆனால் மனுச் செய்து காத்திருக்க வேண்டும். தடைப் பிரதேசத்தில் 1992-க்குப் பின் முறையான அனுமதியின்றி எழுந்த வீட்டுக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது வியாக்கியானம்: தகடு இவ்விரண்டுமல்ல. அது வீட்டில் வைக்கும் ஒரு சாமான்; தண்ணீர் காய்ச்சும் கருவியைப் போல, துணி உலர்த்தும் கம்பியைப் போல. கழற்றினால் கழன்றுவிடும். அதற்கு எந்த அனுமதியும் வேண்டியதில்லை. இந்த வாதத்துக்குப் பலம் கொடுக்கும் வாசகம் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. பொதுஜனங்களுக்கு மின்சாரம் வழங்குவதற்கான வேலைகள் கட்டுமானம் என்ற இலக்கணத்திலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுத் தகட்டில் மிஞ்சும் மின்சாரம் மின்கழகத்தின் கம்பி வழியே அண்டை வீட்டு விளக்கை எரிக்கிறது. ஆகையால் இதுவும் பொதுஜனங்களுக்கு மின்சாரம் வழங்கும் வேலையே என்று வக்கீல் ஒருவர் வாதாடலாம். ஆனால் எதிர்க்கட்சி வக்கீல் சும்மா இருப்பாரா? தகடு தனி மனிதனின் சொத்து, அவன் முதலில் தன் வீட்டுக்கே உபயோகிக்கிறான் என்பார்.

வக்கீல்கள் வாதாடட்டும்; நீதிபதிகள் தீர்ப்புக் கூறட்டும். ஆனால் இரண்டு கிலோவாட் தகடு வாங்கக் கடன் கேட்கும் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரோ, தறிக்காரரோ, சிறு கடைக்காரரோ இந்த மூன்று வியாக்கியானங்களில் எதை நம்பிப் பணத்தைப் போடுவது? முதலாவது சரியென்றால் அவர் சிறைக்குப் போகத் தகுந்த குற்றவாளி. மூன்றாவது சரியென்றால் தேசத்துக்கு உபகாரி. ஒரே செயலுக்கு ஒரே சட்டம் இவ்விரு பட்டங்களையும் கொடுக்கக் கூடுமானால், குற்றம் செயலில் இல்லை, சட்டத்தின் மௌனத்தில் இருக்கிறது.

காலதாமதம் என்னும் தண்டனை

அனுமதி வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அது எத்தனை நாளில் கிடைக்கும்? தகுதி பெற்ற அதிகாரி, மனுவைப் பெற்ற பதினைந்து நாட்களுக்குள் அதை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் அதிகாரி ஒரு மாதத்துக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். சட்டம் தானே கொடுத்துக்கொண்டிருக்கும் தவணை மூன்றரை மாதம். மின்கழகத்துக்குக் கொடுத்த தவணையோ பதினைந்து நாள்!

தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ம் வருஷம் ஜூலை மாதத்தில், 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் தங்கள் சுயசான்றிதழைக் கொடுத்தே உடனடியாக அனுமதி பெறலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சாதாரண ஊரில் முழு வீட்டையே சுயசான்றிதழில் கட்டலாம். செஞ்சிக் கோட்டையை ஒட்டிய தெருவில், கட்டி முடித்துப் பல வருஷமான வீட்டின் மாடியில் நான்கு தகடு வைக்க மூன்றரை மாதம் காத்திருக்க வேண்டும் என்றால், இந்த ஏற்றத்தாழ்வை எந்த நியாயத்தால் சமாதானப்படுத்துவது?

இதில் நஷ்டப்படுகிறவன் யார்? பணக்காரனுக்கு நஷ்டமில்லை. அவன் கட்டடக் கலைஞரை அமர்த்தி, படம் வரைந்து, மனுவின் பின்னாலேயே ஆளனுப்பித் தொடர்வான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரத்தோடு நின்றுவிடும் பரம ஏழைக்கும் உடனடி நஷ்டம் குறைவு. இவ்விருவருக்கும் நடுவே இருக்கும் குடும்பமே அடிபடுகிறது. அந்த வீட்டில் ஒரு தையல் மிஷின் ஓடும், ஒரு குளிர்பதனப் பெட்டி இருக்கும். கோடையில் மின்கட்டணம் ஏறும். கிலோவாட் ஒன்றுக்குத் தினம் சுமார் நான்கு யூனிட் வீதம், இரண்டு கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 480 யூனிட் கொடுக்கும். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. சட்டத்தின் மௌனம் அந்தத் தொகையை மாதந்தோறும் பிடுங்கிக்கொண்டிருக்கிறது.

கோட்டையின் கட்சி

கோட்டையைக் காக்கும் சட்டமே வேண்டாம் என்பது நமது கட்சியல்ல. அப்படிச் சொல்வோர் செஞ்சியின் சரித்திரத்தை அறியாதவர்கள். கோன்கள், விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள், 1649-ல் பிஜப்பூர் சுல்தான், 1677-ல் சிவாஜி மஹாராஜா, பின்பு மொகலாயர், 1714-ல் ஆற்காட்டு நவாபுடன் பொருது மடிந்த தேசிங்கு ராஜன், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று கைமாறிய கோட்டை இது. ஆயுதத்தால் கோட்டையைப் பிடித்தவர்கள் விளைத்த சேதம் ஒரு பங்கு என்றால், அமைதிக் காலத்தில் கல்லுக்காகவும் தூணுக்காகவும் வந்தவர்கள் விளைத்த சேதமும் குறைந்ததன்று. வேங்கடரமணர் கோவிலின் சிற்பத் தூண்கள் புதுச்சேரிக்குப் பெயர்ந்துபோன கதையைக் கேட்காதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. காவல் இல்லாத இடத்தில் கல் தங்காது. ஆகையால் சட்டம் அவசியம். அது கண்டிப்பாகவும் இருக்க வேண்டும்.

ஆனால் சட்டம் எந்தத் தீமையைத் தடுக்க வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தீமைகள் இரண்டு. ஒன்று, அஸ்திவாரம் தோண்டும்போது பூமிக்குள் புதைந்திருக்கும் பழஞ்சின்னங்கள் அழிவது. மற்றொன்று, உயர்ந்த கட்டடம் எழும்பிக் கோட்டையின் தோற்றத்தை மறைப்பது. மொட்டைமாடித் தகடு முதல் தீமையைச் செய்ய முடியாது. அது பூமியைத் தொடுவதேயில்லை. இரண்டாவது தீமையைச் செய்யுமா என்பது அதன் உயரத்தைப் பொறுத்தது.

உயரத்தைக் கணக்கிட்டே பார்ப்போம். செஞ்சி, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில் இருக்கிறது. தகட்டைத் தெற்கு நோக்கி ஏறக்குறைய அதே அளவு சாய்த்து வைத்தால் வருஷம் முழுவதும் நல்ல பலன் கிடைக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் பெரிய தகட்டின் நீளம் சுமார் 2.2 மீட்டர். 12 டிகிரி சாய்வில் அதன் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 46 சென்டிமீட்டர்தான் உயரும். அரையடிக் காலில் நிறுத்தினாலும் தளத்திலிருந்து மொத்தம் இரண்டடி. நம் ஊர் மாடிகளின் கைப்பிடிச் சுவரோ மூன்றடி. தெருவில் நிற்பவன் கண்ணுக்குத் தகடு தெரியவே தெரியாது. மார்கழி மாதத்து நண்பகலில் மூன்றடிச் சுவரின் நிழல் இரண்டடிக்குச் சற்று மேல் விழும். தெற்குச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தால் அந்த நேரத்து நிழலும் படாது.

வேறொரு விதமும் உண்டு. மாடியில் துணி உலர்த்தவும் வடாம் காயவைக்கவும் இடம் வேண்டும் என்பதற்காகப் பலர் ஏழெட்டு அடி உயரத்துக்கு இரும்புக் கால்கள் நட்டு, பந்தல்போல் தகடு வேய்கிறார்கள். இது அரை மாடி எழுப்பியதற்குச் சமானம், தூரத்திலிருந்தும் தெரியும். 2024 நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரிக்கு அருகே கரையேறிய 'பெஞ்சல்' புயலை விழுப்புரம் ஜில்லா அனுபவித்திருக்கிறது. அத்தகைய காற்றில் உயர்ந்த பந்தல் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். இப்படிப்பட்ட பந்தல்களுக்கு அனுமதி வேண்டும் என்று சொன்னால் நாம் ஆட்சேபிக்க மாட்டோம். இரண்டடித் தகட்டையும் எட்டடிப் பந்தலையும் ஒரே மனுவில் கட்டிப்போடுவதையே ஆட்சேபிக்கிறோம்.

ராஜகிரி உச்சியிலிருந்து கீழே பார்த்தால் எல்லாக் கூரையும் தெரியுமே என்று சிலர் கேட்கலாம். உண்மை, தெரியும். ஆனால் அந்த உச்சியிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு இன்று எட்டுவது என்ன? தண்ணீர்த் தொட்டிகளும் தகரக் கூரைகளும் அல்லவா? ஊர் உயிரோடிருப்பதற்கு அவை அடையாளம். பளபளப்பில்லாத கரிய தகடு அவற்றைவிடக் கண்ணை உறுத்தாது.

பிற தேசங்களின் அனுபவம்

பழமையைப் போற்றுவதில் நம்மைவிடப் பின்தங்காத தேசங்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தன என்பது கவனிக்கத் தக்கது. இங்கிலாந்தில் 2008-ம் வருஷம் முதல் சாதாரண வீட்டுக் கூரைத் தகட்டுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. ஆனால் அளவு உண்டு. சாய்வுக் கூரையில் தகடு 20 சென்டிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது; 2023-ம் வருஷத்துத் திருத்தம் தட்டைக் கூரைக்கு 60 சென்டிமீட்டர் என்று வரம்பு வைத்தது. நாம் மேலே போட்ட கணக்கும் ஏறக்குறைய அந்த இரண்டடியில்தான் வந்து நிற்கிறது. உலக பாரம்பரிய ஸ்தலங்களிலும் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களிலும் நிபந்தனைகள் கடுமை. பட்டியலில் உள்ள புராதனக் கட்டடத்துக்கோ தனி அனுமதி அவசியம். எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அங்கே அடியிலும் அங்குலத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. உத்தியோகஸ்தரின் முகக்குறியைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜ் நகரத்துக் கிங்ஸ் கல்லூரித் தேவாலயம் ஐந்நூறு வருஷத்துப் பழமையுடையது. அதன் கூரையில் நானூறுக்கு மேற்பட்ட தகடுகள் ஏற்ற 2023-ல் நகர சபை அனுமதி கொடுத்தது. புராதனச் சின்னங்களைக் காக்கும் அந்நாட்டு ஸ்தாபனம் ஆட்சேபித்தது. சபை அதைக் கேட்டது, விவாதித்தது, பகிரங்கமாக முடிவு செய்தது. இத்தாலியில், எரிமலைச் சாம்பலில் புதைந்து மீண்ட பாம்பேய் நகரிலேயே, பழைய சுட்ட ஓட்டைப்போல் தோன்றும் மின் ஓடுகளை வேய்ந்திருக்கிறார்கள். புராதனச் சின்னத்தின் மேலேயே தகடு ஏற்றும் துணிவு அவர்களுக்கு இருக்கிறது. நாம் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. மதிலுக்கு வெளியே இருக்கும் மனிதன் வீட்டைப் பற்றியே பேசுகிறோம்.

செய்ய வேண்டுவன

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். பரிகாரம் இருக்கும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதனதன் நிலைமைக்கேற்ப பாரம்பரியத் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்று 2010-ம் வருஷத்துத் திருத்தம் கட்டளையிடுகிறது. அத்துணைவிதிகளில் கட்டட உயரம், முகப்பு, வடிகால், சாலை, மின்கம்பம், தண்ணீர்க் குழாய் ஆகியவை அடங்க வேண்டும் என்றும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மின்கம்பத்தைப் பெயர் சொல்லி நினைத்த சட்டம் மின்தகட்டையும் நினைப்பதில் என்ன தடை? ஆகவே செஞ்சிக்குரிய துணைவிதிகளில் கீழ்க்கண்டவை இடம்பெற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஒன்று: மொட்டைமாடித் தளத்திலிருந்து இரண்டடிக்கு மேற்படாமலும், கைப்பிடிச் சுவருக்கு மேல் தலைகாட்டாமலும், பூமியைத் தோண்டாமலும் வைக்கும் தகடு கட்டுமானமுமல்ல, பழுதுபார்ப்புமல்ல என்று ஐயத்துக்கிடமின்றி எழுதிவிட வேண்டும். வீட்டுக்காரர் மின்கழகத்துக்குக் கொடுக்கும் மனுவின் பிரதியோடு ஒரு புகைப்படத்தைத் தொல்பொருள் இலாகாவுக்கு அனுப்பினால் போதும் என்றாக்க வேண்டும்.

இரண்டு: உயர்ந்த பந்தல், வயலில் நட்ட தகடு, தெருவைப் பார்த்த ஓட்டுக்கூரைத் தகடு ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டுத் தகட்டு மனுவை முப்பது நாளில் முடிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூன்று: எல்லை எது என்பது ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். காக்கப்பட்ட பகுதி, 100 மீட்டர், 300 மீட்டர் ஆகிய கோடுகளை சர்வே எண்களோடு வரைந்த படம் ஊர் நிர்வாக அலுவலகத்திலும் மின்கழக அலுவலகத்திலும் தமிழில் தொங்க வேண்டும். எந்தக் கோட்டுக்குள் இருக்கிறோம் என்று அறியாதவனைக் கோடு தாண்டினாய் என்று தண்டிப்பது தர்மமல்ல.

நான்கு: குடிசையிலும் பழைய ஓட்டு வீட்டிலும் இருப்பவனுக்குத் தகடு தாங்கும் கூரையே இல்லை. அவனுக்கும் சூரியன் பொதுவே. ஊருக்கு அப்பால் பள்ளிக்கூடக் கூரையிலோ பொது இடத்திலோ வைத்த தகட்டில் பல வீட்டார் பங்கு கொண்டு, அந்தப் பங்கு மின்சாரத்தைத் தத்தம் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறையை டில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ம் வருஷத்திலேயே அனுமதித்தது. கோட்டையோரத்து மக்களுக்காக நம் மாகாணம் அதைச் செஞ்சியில் நடத்திக் காட்டலாம்.

ஒரு வீட்டுக்கு இடங்கொடுத்தால் கட்டுப்பாடே தளர்ந்துவிடும் என்று இலாகாவினர் அஞ்சக் கூடும். அந்த அச்சத்துக்குப் பதில் இதுதான்: தெளிவில்லாத விதியே தளரும் விதி. எது கூடும், எது கூடாது என்று அறியாத ஜனங்கள், எல்லாம் கூடாது என்ற பயத்தில் சில காலம் இருப்பார்கள். பின்பு யார் கேட்கப் போகிறார்கள் என்ற துணிவில் எட்டடிப் பந்தலையும் போடுவார்கள். அளவு சொல்லிவிட்டாலோ, அளவுக்குள் நிற்பவனே அளவை மீறுபவனைக் கண்டிப்பான். சட்டத்துக்கு ஊராரைவிடச் சிறந்த காவலன் கிடையாது.

செஞ்சியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பொதுஜன ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. துணைவிதிகளின் முன்வரைவை வெளியிட்டு ஜனங்களின் ஆட்சேபணைகளைக் கேட்பது முறை. அந்தச் சமயத்தில் மௌனமாக இருந்துவிட்டுப் பின்பு கூக்குரலிடுவதில் பயனில்லை. கோட்டையோரத்துத் தெருக்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுங்கள்: எத்தனை வீடு, எத்தனை மாடி, கைப்பிடிச் சுவர் எத்தனை அடி, 1992-க்கு முந்தியது எது, பிந்தியது எது என்று எழுதி வையுங்கள். பத்து மேடைப் பிரசங்கத்தைவிட இத்தகைய ஜாபிதா ஒன்று அதிகாரிகளின் மேஜையில் கனமாக விழும்.

1690 முதல் 1698 வரை மொகலாய சைனியம் செஞ்சியைச் சூழ்ந்து கிடந்தது. ஏழெட்டு வருஷம் கோட்டை பணியவில்லை. அதற்கு மதில் மட்டும் காரணமல்ல. உள்ளே சுனையும் குளமும் இருந்தன. தானியக் களஞ்சியம் இருந்தது. மழைநீர் மண்குழாய் வழியே மாளிகைவரை ஓடிற்று. தங்களுக்கு வேண்டியதைத் தங்கள் எல்லைக்குள்ளேயே தேடிக்கொள்ளும் கலையை அந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். அதே மலையடிவாரத்தில் இன்று குடியிருப்பவன், தன் கூரைமேல் விழும் வெயிலைத் தன் வீட்டு விளக்காக்கிக்கொள்ள விரும்புகிறான். கோட்டையின் பேரால் அதைத் தடுப்பது கோட்டைக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆணையம் பேச வேண்டும். மானியத்தின் கதவு மூடுமுன் பேச வேண்டும்.